எழுதாத தடை

அமெரிக்காவின் முதல்தரப் பேஸ்போல் அணிகளில் கறுப்பினத்தவர் ஆடலாகாதெனச் சட்டம் எதுவும் எழுதப்பட்டதில்லை. எழுதாத அத்தடையே அறுபதாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1947 ஏப்ரல் 15இல் புரூக்ளின் அணி ஜாக்கி ரொபின்சனைக் களமிறக்கியது, தடை தகர்ந்தது.

ரொபின்சன் பயின்ற லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலேயே பின்னர் பயின்றவர் நம் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கைக்கு முதல் தங்கப்பதக்கத்தை ஈட்டினார். அதே நாட்களில் கொழும்பிலே தமிழர் தாக்கப்பட்டனர். அகதிகளான ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிக் காங்கேசன்துறை சேர்ந்தனர். பதக்கம் இலங்கையுடையது, வென்றவரின் இனத்தவர் மட்டும் அந்நியரோ?

உயரம் பாய்வோரைக் குறுக்குத்தடி மொழி கேட்பதில்லை. அளவு எல்லோர்க்கும் ஒன்றே. நாம் கேட்பதும் அதுவே. 1956இல் இந்நாட்டில் மொழித்தடை சட்டமாகவே எழுதப்பட்டது. 1987இல் தமிழும் ஆட்சிமொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. ஆயினும் பொலிஸ் நிலையங்களிலும் கந்தோர்களிலும், தமிழில் முறைப்பாட்டை எழுதிக்கொள்வாரின்றி நம் மக்கள் இன்றும் காத்துநிற்கின்றனர்.

எழுதிய தடையை நீதிமன்றில் எதிர்க்கலாம். எழுதாத தடையை, அதனைக் கடைப்பிடிப்போரே நீக்குதல் வேண்டும். புரூக்ளினில் ஓர் அணி துணிந்தது. கொழும்பில் துணிவார் யார்?