மூன்றடி மீனுக்கு இரண்டடித் தொட்டியா?

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் சார் மீனும் வளரும்." சென்னை கொளத்தூரில் தொடங்கிச் சிற்றூர்க் கடைவீதி வரை, வண்ணமீன் வாங்க வருபவர் சற்றே தயங்கினால் போதும், இந்தப் பதில் வந்துவிடுகிறது. இது பொய். பல ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவருக்கு இது பொய் என்று தெரியாமலிருக்க வழியில்லை.

ரெட் டெயில் கேட்பிஷ் என்ற பெயரில் விற்கப்படும் கெளுத்தி, அமேசான், ஒரினோகோ ஆறுகளைச் சேர்ந்தது. கடையில் இருப்பது விரல் நீளக் குஞ்சு. கறுத்த முதுகு, வெளுத்த வயிறு, சிவந்த வால், முகத்தைவிட நீண்ட மீசை. குழந்தைகள் கைகாட்டி அடம்பிடிக்க இவ்வளவு போதும். ஆற்றில் அது நான்கடியைத் தாண்டும், 40 கிலோவுக்கு மேல் எடை போடும். வீட்டில் வேளைக்குத் தீனி கிடைத்தால் ஓராண்டுக்குள் ஓரடியை எட்டிவிடும். ஒழுங்காகப் பராமரித்தால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழும். இதில் எந்த விவரமும் கடைத் தொட்டியில் ஒட்டியிருப்பதில்லை. விலை மட்டும் ஒட்டியிருக்கிறது.

'ஷார்க்' என்று விற்கப்படும் மீனும் கெளுத்திதான். மீகாங், சாவோ பிராயா ஆறுகளில் கூட்டங்கூட்டமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வலசை போகும் இனம். ஆந்திரத்துப் பண்ணைக் குளங்களில் கறிக்காக வளர்த்து, பாசா என்று உணவகங்களுக்கு வருவதும் இதுவே. மூன்றடிக்கு மேல் வளரும். மிரளும் சுபாவம் வேறு. விளக்கைப் போட்டாலே பாய்ந்து கண்ணாடியில் முட்டி மூக்கைச் சிதைத்துக்கொள்ளும். இதைத்தான் வரவேற்பறைக்கு அழகு என்று இரண்டு இரண்டாகப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள்.

சின்னத் தொட்டியில் மீன் வளராமல் நின்றுவிடுவது உண்டே என்பார்கள். உண்டு. அது மீன் இடத்துக்கு ஏற்பத் தன்னை அடக்கிக்கொண்டதால் அல்ல, நலிந்துபோனதால். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்புவரை நிரம்பினாலும் 57 லிட்டர்கூட இல்லை. இறைச்சி தின்னும் பெரிய கெளுத்தி அந்த நீரை ஓரிரு நாளில் கெடுத்துவிடும். முதுகெலும்பு வளைந்து, துடுப்பு அழுகி, ஆயுளில் பாதியைக்கூடக் காணாமல் சாகும் மீனைக் காட்டி "பாருங்கள், வளரவில்லை" என்பது கொடுமை.

சரி, எவ்வளவு இடம் வேண்டும்? கடைக்காரர்கள் நீளத்தை மட்டுமே பேசுகிறார்கள். கெளுத்தி அடித்தளத்தில் கிடக்கும் மீன். அதற்கு உயரத்தைவிட அகலம் முக்கியம். தொட்டியின் அகலம் மீனின் நீளத்தைவிடத் தாராளமாக இல்லையென்றால் அதனால் திரும்பக்கூட முடியாது. மூன்றடி மீனுக்குப் பத்தடி நீளம், ஐந்தடி அகலம், மூன்றடி உயரம் என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம். 150 கன அடி. 4,200 லிட்டருக்கு மேல் தண்ணீர், அதாவது நான்கு டன்னைத் தாண்டிய எடை. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்குக் கணக்கிட்டே கட்டப்படுகின்றன. இந்தத் தொட்டியோ சதுர மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் அழுத்தும். ஆகவே "வளர்ந்ததும் பெரிய டேங்க் வாங்கிக்கொள்ளலாம்" என்ற ஆறுதலும் அடுக்குமாடி வீட்டுக்காரரிடம் சொல்லக்கூடியதல்ல. தோட்டத்தில் குளம் வெட்ட முடிந்தவர் தவிர வேறு யாரும் வாங்கக் கூடாத மீன் இது. கெளுத்திதான் வேண்டுமென்றால் மூன்று அங்குலத்தைத் தாண்டாத கோரிடோராஸ் இருக்கிறது. பாசி தின்ன ஆள் வேண்டுமென்றால் ஐந்தாறு அங்குலத்தோடு நின்றுவிடும் பிரிசில்நோஸ் இருக்கிறது. இவற்றைச் சொல்லி விற்றால் கடைக்காரருக்கு என்ன நஷ்டம்?

இடம் போதாமல் போகும் நாளில் வாங்கியவர் என்ன செய்கிறார்? கடைக்காரர் திரும்ப எடுப்பதில்லை. ஒரு வாளியில் போட்டுக்கொண்டு இருட்டியதும் ஏரிக்குப் போகிறார். உயிரைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு நிம்மதி வேறு! 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்பட்ட சக்கர் மீன் இப்படித்தான் நம் நீர்நிலைகளில் குடியேறியது. ஒன்றரை அடிவரை வளரும், கரையில் வளை தோண்டி முட்டையிடும், ஆக்சிஜன் குறைந்த நீரிலும் காற்றை விழுங்கிப் பிழைக்கும். அதன் முள்ளில் சிக்கிக் கிழிந்த வலைக்கு மீனவருக்கு யாரும் ஈடு தருவதில்லை. தென் அமெரிக்காவின் இந்த மீன் 2020-இல் வாரணாசியில் கங்கையிலேயே பிடிபட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தடை செய்துவிட்டு இன்றுவரை குளம் குளமாகத் தேடி அழித்துக்கொண்டிருக்கும் நாட்டில், அடுத்த கெளுத்தி கடைவாசலில் வெளிப்படையாக விற்கப்படுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11, அசைந்து திரிய நியாயமான வாய்ப்புத் தராத கூண்டிலோ கலத்திலோ எந்த விலங்கை அடைத்து வைப்பதையும் குற்றம் என்கிறது. மனிதரல்லாத உயிர் எதுவும் அச்சட்டத்தில் விலங்குதான். மீனும் அதில் அடக்கம். ஆனால் முதல்முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. குஞ்சின் விலையைவிடக் குறைவு. மீன் கடைகளுக்கென 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த தனி விதிகளும் வணிகர்களின் எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டன. அந்த விதிகளில் நடைமுறைக்கு ஒவ்வாதவை இருந்தன என்பதை ஒப்புக்கொள்ளலாம். அதற்காக எந்த விதியும் வேண்டாம் என்று விட்டுவிடுவதா?

வண்ணமீன் வளர்ப்புக்கு மானியமும் பயிற்சியும் தரும் அரசுக்கு, அந்தத் தொழிலுக்கு ஒழுங்கும் விதிக்கும் கடமை உண்டு. விற்பனைக்கு வைக்கும் ஒவ்வொரு இனத்துக்கும் முழு வளர்ச்சியில் அதன் நீளம், தேவையான தொட்டியின் நீள அகலம் இரண்டையும் தமிழில் எழுதி ஒட்டுவதை மீன்வளத்துறை உடனே கட்டாயமாக்க வேண்டும். ரெட் டெயில், ஷார்க் போன்றவற்றைக் குளம் இருப்பதை உறுதிசெய்யாமல் விற்கக் கூடாது. விற்ற மீனைத் திரும்பப் பெறும் பொறுப்பு கடைக்காரருக்கு இருக்க வேண்டும். வணிகர் சங்கங்கள் அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நாளைக் காலையே அட்டை எழுதி மாட்டலாம். வாங்குபவர்களும் "எவ்வளவு?" என்று விலை கேட்கும் முன் "எவ்வளவு வளரும்?" என்று கேட்கட்டும். பதில் சொல்லாத கடையில் மீன் வாங்காதீர்கள்.