சட்டம் தடுக்கவில்லை, மைதானம் கிடைக்கவில்லை



2021 நவம்பர் 25. பிரேசில் நாட்டில், அமேசான் காடுகளின் நடுவே அமைந்துள்ள மனாஸ் நகரில் ஒரு கால்பந்துப் போட்டி நடந்தது. ஒரு பக்கம் உலகப் புகழ்பெற்ற பிரேசில் பெண்கள் அணி. மறுபக்கம் நம் இந்தியப் பெண்கள் அணி. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே பிரேசில் கோல் போட்டது. எட்டாவது நிமிடத்தில் பஞ்சாபைச் சேர்ந்த மனிஷா கல்யாண் பதில் கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். முடிவில் 6-1 என்ற கணக்கில் பிரேசில் வென்றது.

அடுத்த நாள் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ தேநீர்க் கடையில் இதைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். தோற்றுப்போன ஒரு நட்பு ஆட்டம்தானே! ஆனால் அந்த ஆட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. அன்று பிரேசில் அணியிலிருந்து விடைபெற்றவர் ஃபோர்மிகா என்ற 43 வயது வீராங்கனை. ஏழு உலகக் கோப்பைகளிலும் ஏழு ஒலிம்பிக் போட்டிகளிலும் ஆடியவர். அவர் பிறந்தது 1978இல். அந்த ஆண்டில் பிரேசில் நாட்டில் பெண்கள் கால்பந்து ஆடுவது சட்டப்படி குற்றம்!

ஆம், நம்புவதற்குச் சற்றுக் கடினம்தான். கால்பந்தை உயிராக நேசிக்கும் அந்த நாடு, தன் பெண்களை மட்டும் பந்தைத் தொட விடவில்லை. அந்த வரலாறு நம் ஊர்ப் பெண் பிள்ளைகளைப் பற்றியும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

சட்டம் போட்ட தடை

1941ஆம் ஆண்டு, கெட்டூலியோ வர்காஸ் ஆட்சிக் காலத்தில், பிரேசில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பெண்மையின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளில் பெண்கள் ஈடுபடக் கூடாது என்பது அதன் சாரம். பெண் தாயாக வேண்டியவள், அவளுடைய உடல் கெட்டுவிடும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். 1965இல் கால்பந்தின் பெயரையே குறிப்பிட்டுத் தடையை இன்னும் இறுக்கினார்கள். 1979இல்தான் தடை நீங்கியது. ஏறத்தாழ 40 ஆண்டுகள்!

பிரேசில் மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1921இல் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் அந்தக் கதவு திறக்கவில்லை. அர்ஜென்டினாவின் கதை வேறு விதம். அங்கே பெண்கள் ஆட்டத்தை யாரும் பொருட்படுத்தவே இல்லை. 1971இல் மெக்சிகோவில் பெண்களுக்கான உலகப் போட்டி ஒன்று, அதிகாரப்பூர்வ அங்கீகாரம் இல்லாமல் நடந்தது. அர்ஜென்டினாப் பெண்கள் பயிற்சியாளர் கூட இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 21 அன்று இங்கிலாந்து அணியை 4-1 என்று தோற்கடித்தார்கள். நான்கு கோல்களையும் அடித்தவர் எல்பா செல்வா என்ற ஒரே வீராங்கனை. அந்த வெற்றியைத் தங்கள் நாடு நினைத்துப் பார்க்க அவர்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தடை நீங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. பெண்களுக்கான முதல் அதிகாரப்பூர்வ உலகக் கோப்பை 1991இல் சீனாவில் நடந்தது. அந்தக் காலத்தில் பிரேசில் பெண்கள் அணிந்து ஆடியது ஆண்கள் அணியின் மிச்ச உடைகளை! சட்டம் விலகியது, ஆனால் தனக்கென்று ஒரு சட்டை கிடைக்கவில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தேசிய அணியில் ஒரே தினப்படி என்று பிரேசில் கால்பந்துக் கழகம் அறிவித்தது 2020இல்தான்.

இத்தனைக்கும் நடுவில் எழுந்து வந்தவர்தான் மார்த்தா. வறட்சி மிகுந்த வடகிழக்கு மாநிலமான அலகோவாசில், தோய்ஸ் ரியாச்சோஸ் என்ற சிற்றூரில் 1986இல் பிறந்தவர். ஊர்ப் பையன்களோடு ஆடிப் பழகியவர். 14 வயதில் பேருந்து ஏறி ரியோ நகருக்குப் போய் ஒரு மன்றத்தின் தேர்வில் கலந்துகொண்டார். பிறகு ஆறு முறை உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். உலகக் கோப்பைகளில் 17 கோல்கள் அடித்தார். ஆணோ பெண்ணோ, அவருக்கு முன் அத்தனை கோல்களை உலகக் கோப்பைகளில் வேறு எவரும் அடித்ததில்லை. 2004, 2008, 2024 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் அவர் இடம்பெற்ற அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது. 2024 மே மாதத்தில், 2027ஆம் ஆண்டின் பெண்கள் உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பு பிரேசிலுக்கே வழங்கப்பட்டது. தன் பெண்களுக்குத் தடை போட்ட நாட்டுக்கு இது எத்தகைய மாற்றம் என்று எண்ணிப் பாருங்கள்.

எழுதாத சட்டம்

இனி நம் பக்கம் வருவோம். இந்தியாவில் பெண்கள் பந்து ஆடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இருந்ததில்லை. சொல்லப்போனால் பிரேசில் தடையை நீக்கிய அதே காலத்தில், 1980இன் தொடக்கத்தில், கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பிடித்தார்கள். 1983இலும் அப்படியே. நாம் முந்திக்கொண்டிருந்தோம். பிறகு எப்படிப் பின்தங்கினோம்?

விடை நம் தெருக்களிலேயே இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் சுற்று வட்டாரக் கிராமங்களில் ஏழாம் வகுப்பு வரை பெண் பிள்ளைகள் பையன்களுக்குச் சமமாக ஓடுகிறார்கள். பிள்ளை பெரியவளானதும் எல்லாம் மாறிவிடுகிறது. "வயசுக்கு வந்த பொண்ணு, இனிமே என்ன ஓட்டம்?" என்று பாட்டி கேட்கிறார். வெயிலில் கறுத்துவிடுவாள் என்கிறார் அத்தை. அரைக்கால் சட்டை போட்டால் ஊர் என்ன பேசும் என்று அப்பா தயங்குகிறார். மாலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ வெளியூர் போயிருந்தால் வீட்டுப் பாரம் முழுவதும் அவள் தலையில்தான். பள்ளியிலோ பத்தாம் வகுப்பு வந்தவுடன் பி.டி. பீரியட் கணக்கு பீரியட் ஆகிவிடுகிறது.

பெற்றோரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்களுடைய அச்சத்தை நாம் மதிக்க வேண்டும். இருட்டிய பின் கிராமத்துக்குத் திரும்பும் பேருந்து எத்தனை? மைதானத்தில் உடை மாற்ற ஓர் அறை உண்டா? கழிப்பறை உண்டா? பயிற்சி தருபவர் எப்படிப்பட்டவர் என்று யார் உறுதி சொல்வது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாதபோது, "வீட்டிலேயே இரு" என்று ஒரு தாய் சொல்வது அன்பினால்தான். ஆனால் ஆயிரம் வீடுகளில் ஆயிரம் தாய்மார் அப்படிச் சொல்லும்போது, அது 1941இன் பிரேசில் ஆணைக்குச் சமமான வலிமை பெற்றுவிடுகிறது. அங்கே சட்டத்தை ஒரு கையெழுத்தால் நீக்க முடிந்தது. இங்கே நீக்குவதற்கு ஒரு காகிதம் கூட இல்லை!

2019 தீபாவளிக்கு 'பிகில்' திரைப்படம் வெளிவந்தது. பெண்கள் கால்பந்து அணியைப் பற்றிய கதை. நம் ஊர்களிலும் விசில் பறந்தது. அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டிய எத்தனை வீடுகளில் மறுநாள் ஒரு பெண் பிள்ளையின் கையில் பந்து கொடுக்கப்பட்டது?

பக்கத்து ஊர் காட்டிய வழி

நம்பிக்கை தரும் பாடத்துக்காக நாம் பிரேசில் வரை போக வேண்டியதில்லை. கடலூர் போதும். 1993 வரை விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். இன்றும் ஒரே உயர்மறைமாவட்டம்.

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். சுனாமி நம் கடற்கரையைத் தாக்கியது. மரக்காணம் கரையும் அழுதது, கடலூர்க் கரையும் அழுதது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகக் கடலூரில் அரசு இல்லம் தொடங்கப்பட்டது. அங்கிருந்த சிறுமியருக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து கற்றுக்கொடுத்தார். அழுகையை மறக்க ஒரு விளையாட்டு என்று தொடங்கியது, நாளடைவில் ஒரு பாசறையாகவே மாறியது. கடலூர் இந்திரா காந்தி விளையாட்டுக் கல்விக் கழகத்தின் பெண்கள் அணி, இந்திய அளவிலான பெண்கள் லீக் போட்டியிலும் ஆடியது.

கடலூர் மாவட்டம் தந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையாக உயர்ந்தார். 2019 மார்ச்சில் நேபாளத்தில் நடந்த தெற்காசியப் போட்டியில் இந்தியா கோப்பை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்த அவர், 2020இல் கொரோனா பரவியபோது சீருடையோடு தெருவில் நின்று கடமை ஆற்றினார். "பந்து ஆடி என்ன கிழிக்கப் போகிறாய்?" என்று கேட்பவர்களுக்கு வேறென்ன பதில் வேண்டும்?

பல ஆண்டுகளாக மணிப்பூர் கோலோச்சிய தேசியப் போட்டியில், 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில், தமிழ்நாட்டுப் பெண்கள் அதே மணிப்பூரை 2-1 என்று வென்று முதல் முறையாகக் கோப்பையைக் கைப்பற்றினார்கள். 2019இல் சேது எஃப்.சி. என்ற தமிழ்நாட்டு மன்றம் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023 ஜூனில் அமிர்தசரசில் அரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு மீண்டும் தேசிய வாகை சூடியது. 2025 ஜூலை 5 அன்று இந்திய அணி தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வீழ்த்தி, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று இந்தியப் பெண்கள் அந்த இடத்தை அடைந்தது அதுவே முதல் முறை.

இவை தானாக நடந்தவை அல்ல. கடலூரில் யாரோ ஒருவர் பந்தை எடுத்து வந்தார். யாரோ ஒருவர் மைதானத்தைத் திறந்துவிட்டார். யாரோ ஒருவர் தினமும் மாலையில் அங்கே நின்றார். இந்த மூன்றும் இருந்தால் போதும், திறமை தானே வெளிப்படும் என்பதற்குக் கடலூரே சான்று.

அனுமதி மட்டும் போதாது

"நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே" என்று சொல்வது எளிது. 1979க்குப் பிறகு பிரேசிலும் அப்படித்தான் சொல்லியிருக்க முடியும். ஆனால் தடுக்காமல் இருப்பது வேறு, இடம் கொடுப்பது வேறு. நம் பங்குத் திருவிழாக்களை நினைத்துப் பாருங்கள். இளைஞர்களுக்குக் கிரிக்கெட், கபடி, கைப்பந்து. பெண்களுக்கு? கோலப்போட்டியும் இசை நாற்காலியும்! கோலம் அழகுதான். ஆனால் ஓட விரும்பும் பிள்ளைக்கு அது ஈடாகுமா?

விளையாட்டு விசுவாசத்துக்கு அந்நியமானது அல்ல. பவுல் அடிகளார் கொரிந்து சபைக்கு எழுதும்போது பந்தயத் திடலையே உவமையாக எடுத்துக்கொண்டார். 2018 ஜூன் மாதம் வத்திக்கான் விளையாட்டைப் பற்றித் தனி ஆவணமே வெளியிட்டது. உடலும் ஆன்மாவும் சேர்ந்தே மனிதர் என்று நம்புகிற நாம், ஒரு சிறுமியின் உடல் வளரும்போது அதை ஒளித்து வைக்க வேண்டிய பொருளாக நினைக்கலாமா? தன் கால்களின் வலிமையை அறிந்த பெண், நாளை 17 வயதில் திருமணப் பேச்சு வரும்போது "எனக்கு இன்னும் படிக்க வேண்டும்" என்று நிமிர்ந்து சொல்லும் துணிவையும் பெறுகிறாள். எல்லாரும் நாட்டுக்காக ஆட முடியாது. பதினொரு பேருக்குத்தான் ஒரே நேரத்தில் இடம். ஆனால் அந்தத் துணிவு எல்லாருக்கும் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல.

முதலாவது, நம் பங்கிலும் பள்ளியிலும் உள்ள மைதானத்தை வாரம் இரண்டு மாலைகள் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்குவோம். பையன்கள் ஆடி முடித்த பின் மிஞ்சும் நேரமாக அது இருக்கக் கூடாது.

இரண்டாவது, பயிற்சி நடக்கும்போது ஓர் ஆசிரியையோ, அன்பியத்தைச் சேர்ந்த இரண்டு தாய்மாரோ அங்கே இருக்கட்டும். இருட்டும் முன் பிள்ளைகள் வீடு சேரட்டும். உடை மாற்ற ஓர் அறையைத் திறந்து கொடுப்போம். பிள்ளைகளின் பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்.

மூன்றாவது, அடுத்த திருவிழாவில் பெண்களுக்கும் ஒரு சுழற்கோப்பை வைப்போம். பரிசுத் தொகை ஆண்களுக்கு எவ்வளவோ அவ்வளவே. கொடி ஏற்றும் நாளில் அறிவிப்பும் சேர்ந்தே வரட்டும்.

நான்காவது, பத்தாம் வகுப்பானாலும் பி.டி. பீரியடைப் பறிக்க வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்போம். மாநில அரசின் விளையாட்டு விடுதிகள், வேலைவாய்ப்பில் விளையாட்டு ஒதுக்கீடு ஆகியவை பற்றி நம் மக்களுக்கு எடுத்துச் சொல்வோம்.

பிரேசிலில் ஃபோர்மிகா பிறந்தபோது அவருக்கு எதிராக ஒரு சட்டமே இருந்தது. 43ஆம் வயதில் அவர் விடைபெற்றபோது நாடே எழுந்து நின்றது. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இன்று பிறக்கும் ஒரு பெண் குழந்தைக்கு எதிராகச் சட்டம் எதுவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவள் பந்தைத் தேடும்போது நம் மைதானத்தின் கதவு திறந்திருக்குமா?

சிந்திப்போம். இந்த வாரமே அந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, திறந்து வைப்போம்!