தலை சுற்றினால் நடிப்பா?

ஆரணிப் பட்டுத்தறியில் நாள் முழுதும் குனிந்து, மயிர் போன்ற இழையையே பார்க்க வேண்டும். தலை வலிக்கிறது, சுற்றுகிறது.

"பித்தம்" என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுக்கிறார்கள். வாரக்கணக்கில் சுற்றினால் அது போதுமா? ரத்த அழுத்தம், ரத்தசோகை, கண் மூன்றையும் சோதிக்க வேண்டும். ரத்த அழுத்தத்தை வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசுத் திட்டம் 2021-ல் தொடங்கியது.

எல்லாம் சரி, ஆனாலும் சுற்றுகிறது! அப்போதுதான் மருமகளுக்கு "வேலைக்கள்ளி" என்று பெயர் வைக்கிறார்கள். இது அநியாயம். உடம்பைச் சாயாமல் நிறுத்தும் கருவி காதுக்குள்ளே இருக்கிறது. அது கெட்டால் ரத்தப் பரிசோதனையில் தெரியாது. காது டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை, தறிக்குழியிலிருந்து அவள் எழும்போது கை கொடுங்கள்.

வாய் குழறினால், ஒரு கை மரத்தால், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.