தென்காசி கோபுரத்தை ஏறாமலே அளக்கலாம்!
பயம் போக்கும் வடிவியல் பாடம்

கணக்கு என்றாலே பல பிள்ளைகளுக்குப் பயம். அதிலும் வடிவியல் என்றால் கேட்கவே வேண்டாம்! முக்கோணம், வட்டம், தொடுகோடு என்று வாத்தியார் கரும்பலகையில் வரைவார். பிள்ளைகள் நோட்டில் வரைவார்கள். மணி அடித்ததும் எல்லாம் மறந்து விடும்.

இந்த நிலை மாறுமா? மாற்றலாம். அதற்கு வேண்டிய சாதனங்கள் தென்காசியிலும் குற்றாலத்திலும் கண்ணெதிரே இருக்கின்றன.

8 மார்க் படுத்தும் பாடு

தமிழக அரசின் 10-ம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்குக்கு 100 மார்க். அதில் வடிவியல் படம் வரைய 8 மார்க். முதலில் இந்தக் கோடு, பிறகு அந்த வில் என்று படிப்படியாக மனப்பாடம் செய்தால் போதும். 8 மார்க் கைக்கு வந்துவிடும். "ஏன் அப்படி வரைய வேண்டும்?" என்று யாரும் கேட்பதில்லை.

மார்க் கிடைக்கிறது, அறிவு கிடைக்கிறதா? என்ஜினீயரிங், ஐ.டி.ஐ. என்று மேலே போகும்போது இந்தப் பிள்ளைகள்தான் திணறுகிறார்கள்.

சென்னையில் பிறந்த புத்தகம்

கையால் செய்து படிப்பது புதிய விஷயம் அல்ல. டி.சுந்தர ராவ் என்பவர் 1893-ம் ஆண்டிலேயே, காகிதத்தை மடித்து வடிவியல் கற்பது பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அது சென்னையில் அச்சானது. ஜெர்மனியின் பெரிய கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதைத் தமது நூலில் குறிப்பிட்டார். 1901-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரிலும் அது வெளிவந்தது!

அந்த வழியில் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு காகித முக்கோணத்தை வெட்டுங்கள். மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒன்றுசேர அடுத்தடுத்து வையுங்கள். நேர்க்கோடு வந்துவிடும். மூன்று கோணங்களும் சேர்ந்தால் 180 டிகிரி என்பதை அதன்பிறகு பிள்ளை மறக்காது.

நிழல் சொல்லும் கணக்கு

தென்காசி காசி விசுவநாதர் கோவிலை 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டினான். அதன் ராஜகோபுரம் சுமார் 178 அடி உயரம். ஏறாமலே இதை அளப்பது எப்படி?

வெயில் நேரத்தில் 4 அடிக் கம்பைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் நிழல் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த நேரத்தில் எல்லாப் பொருளின் நிழலும் அதன் உயரத்தில் பாதிதான். கோபுர நிழல் 89 அடி இருந்தால் உயரம் 178 அடி!

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கோபுர உச்சி, அடித்தளத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கிறது. எனவே வெளியே தெரியும் நிழலை மட்டும் அளந்தால் கணக்கு தப்பும். சுவரிலிருந்து அடித்தளத்தின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தையும் கூட்ட வேண்டும். இந்தத் தப்பைப் பிள்ளைகளே செய்து, பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். ஒத்த முக்கோணம் என்றால் என்ன என்று அப்போது விளங்கிவிடும்.

சாரல் வந்தால்?

ஜூன் மாதம் சாரல் தொடங்கினால் சூரியனைப் பார்ப்பதே அபூர்வம். நிழலுக்கு எங்கே போவது? அதற்கும் வழி இருக்கிறது.

ஜியாமெட்ரி பெட்டியில் உள்ள பாகைமானியின் நேர் விளிம்பில் ஒரு உறிஞ்சுகுழாயை ஒட்டுங்கள். நடுவில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்க விடுங்கள். குழாய் வழியே உச்சியைப் பாருங்கள். 90-ஐ விட்டு நூல் எத்தனை டிகிரி விலகுகிறதோ, அதுவே ஏற்றக்கோணம்.

குற்றாலம் பேரருவியின் அடிவாரத்துக்குப் போய் நாடா பிடிக்க முடியாது. போகவும் வேண்டாம். தூரத்தில் சமதளத்தில் நின்று, அருவியின் உச்சி 60 டிகிரியில் தெரியும் இடத்தைக் குறியுங்கள். நேர் பின்னே நடந்து, 30 டிகிரியில் தெரியும் இடத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் இடையே 100 அடி என்றால், கண் மட்டத்துக்கு மேல் உயரம் 86.6 அடி. 

தூரத்தில் நிற்பதுதான் முக்கியம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஒரு மாணவனைப் பலி கொண்டதை மறக்கக் கூடாது.

திட்டம் நின்ற இடம்

2022 நவம்பர் 28-ந் தேதி தமிழக அரசு "வானவில் மன்றம்" திட்டத்தைத் தொடங்கியது. அறிவியல், கணக்குக் கருவிகளைப் பள்ளிக்கே கொண்டு வந்து செய்து காட்டும் திட்டம் இது. நல்ல ஏற்பாடு. ஆனால் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்காகவே அது வகுக்கப்பட்டது. வடிவியல் உண்மையில் கடினமாவது 9, 10-ம் வகுப்புகளில் அல்லவா?

"பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை" என்பார்கள் ஆசிரியர்கள். அது நியாயமே. தேர்வில் "ஏன்?" என்ற கேள்விக்கு மார்க் இல்லாதவரை, செய்முறைக்கு நேரம் ஒதுக்க யாருக்கும் துணிவு வராது. மாற வேண்டியது முதலில் வினாத்தாள். 

பெற்றோர் செய்யலாம்

அதுவரை வீடு சும்மா இருக்க வேண்டியதில்லை. கொத்தனார் அஸ்திவாரம் போடும்போது ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார். வந்தால் மூலைமட்டம் சரி. இதுதான் பள்ளியில் படிக்கும் பிதாகரஸ் தேற்றம்!

அப்பா கொத்தனாராக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் கையில் அளவு நாடாவைக் கொடுத்து மூலையைச் சரிபார்க்கச் சொல்லட்டும். பத்தாம் வகுப்பைத் தாண்டாத தகப்பனாரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாத்தியார் ஆகலாம்.