கடல் பூஞ்சைகளைப் பாதியில் கைவிடலாமா?

டைபாய்டு முற்றி மருத்துவமனையில் சேர்பவருக்கு இன்று பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடுகிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது செஃபிக்சிம் மாத்திரை எழுதித் தருவதும் உண்டு. இரண்டுமே செஃபலோஸ்போரின் குடும்பத்து மருந்துகள். அந்தக் குடும்பத்துக்கு மூலம், இத்தாலியின் சார்டினியா தீவில் சாக்கடை கலக்கும் கடலோரத்தில் கிடைத்த ஒரு பூஞ்சை.

1945இல் அதைக் கண்டெடுத்தவர் காலியாரி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜுசெப்பே புரோட்சு. ஊரின் கழிவு கடலில் விழும் இடத்தில், தண்ணீர் தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்வதை அவர் கவனித்தார். அந்த நீரிலிருந்து அவர் பிரித்து வளர்த்த பூஞ்சை, ஆய்வகத் தட்டில் டைபாய்டுக் கிருமியை வளரவிடாமல் தடுத்தது. அரைகுறையாகச் சுத்திகரித்த சாற்றைச் சில நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார், பலன் தெரிந்தது. ஆனால் மருந்தாக்கும் வசதியோ பணமோ அவரிடம் இல்லை. 1948இல் உள்ளூர் ஆய்விதழ் ஒன்றில் எழுதிவிட்டு, பூஞ்சையை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அங்கே ஆய்வாளர்கள் எட்வர்டு ஆபிரகாமும் கை நியூட்டனும் அந்தப் பூஞ்சையில் முதலில் கண்ட பொருள்கள் வேறு. அவற்றோடு ஒட்டிக்கொண்டு மிகச் சிறிய அளவில் வந்த செஃபலோஸ்போரின் சி பின்னால்தான் கண்ணில் பட்டது. அதன் வீரியம் குறைவு. ஆனால் பெனிசிலினைச் சிதைக்கும் பாக்டீரியா நொதியால் அதை அசைக்க முடியவில்லை. இந்த ஒரு குணத்துக்காக விடாமல் உழைத்தார்கள். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் க்ளீவ்டன் நிலையம் அதிக விளைச்சல் தரும் திரிபைத் தேடிப் பிடித்தது. 1961இல் டோரதி ஹாட்ஜ்கின் குழு எக்ஸ் கதிர் மூலம் அதன் அமைப்பை உறுதிசெய்தது. முதல் மருந்து சந்தைக்கு வந்தது 1964இல். கடலோரத்திலிருந்து ஊசிக்கு வர 19 ஆண்டுகள் ஆயின. அந்த நெடுவழியில் அரசுப் பணத்துக்கும் முக்கியப் பங்கு உண்டு.

புரோட்சுவின் பூஞ்சை கடலுக்கே உரியதா, சாக்கடையோடு வந்து சேர்ந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கடலிலேயே வாழும் பூஞ்சைகளுக்கும் பஞ்சமில்லை. அலையாத்தி மரங்களின் ஊறிய கட்டையிலும், கடற்பஞ்சுகளிலும், பாசிகளின் திசுக்களுக்குள்ளும் அவை இருக்கின்றன. அங்கே இடத்துக்கும் உணவுக்கும் பாக்டீரியாக்களோடு ஓயாத போட்டி. கொல்லும் வேதிப்பொருள்கள் பிறப்பது அந்தப் போட்டியில்தான்.

ஆய்வகத்தில் தனியாக வளர்த்தால் அவற்றில் பல அந்தப் பொருள்களைச் சுரப்பதே இல்லை. பஹாமாஸ் கடலின் பழுப்புப் பாசி ஒன்றிலிருந்து எடுத்த பூஞ்சையை, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிலையத்தில் வில்லியம் ஃபெனிகல் குழுவினர் ஒரு கடல் பாக்டீரியாவோடு சேர்த்து வளர்த்தார்கள். உடனே பெஸ்டலோன் என்ற பொருள் சுரந்தது. மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை அது மிகச் சிறிய அளவிலேயே அடக்குவதாக 2001இல் அறிவித்தார்கள். பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. 2013இல் வேறொரு குழு அதே பொருளைச் சோதித்தபோது, முன்பு சொன்ன அளவுக்கு வீரியம் இல்லை. இதைத் தோல்வி என்று ஒதுக்குவது தவறு. இப்படித் திரும்பச் சோதிக்காவிட்டால் எது மருந்து, எது வெறும் நம்பிக்கை என்று எப்படித் தெரியும்?

இந்தியாவில் குறை இங்கேதான் இருக்கிறது. பூஞ்சையைப் பிரித்து, தட்டில் வளர்த்து, கிருமி வளராத வெற்று வளையத்தை அளந்து, கட்டுரை வெளியிட்டதும் நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார். பூஞ்சை குளிர்பெட்டியில் கிடந்து வீணாகும். தமிழகக் கடற்கரைப் பாசிகளுக்குள் வாழும் பூஞ்சைகளைப் பற்றிச் சென்னை ஆய்வாளர்கள் 2010இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். மண்டபம் பக்கத்துப் பெண்கள் முங்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் வளரும் அதே கடற்கரை அது. தேடத் தெரிந்த கைகளும் கண்களும் இங்கே இருக்கின்றன.

தனியார் பார்த்துக்கொள்வார்கள் என்று இருப்பதும் பலிக்காது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் உயிரிழந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆண்டில்தான், புதிய ஆன்டிபயாடிக்குக்கு முந்தைய ஆண்டு ஒப்புதல் வாங்கியிருந்த அமெரிக்காவின் அக்கயோஜன் நிறுவனம் திவாலானது. சில நாள் மட்டும் சாப்பிடும், அதுவும் கடைசிக் கட்டத்துக்கென ஒதுக்கிவைக்க வேண்டிய மருந்தில் லாபம் வராது.

நம்மால் முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம் கண்டறிந்த என்மெடாசோபேக்டம் என்ற மருந்து, செஃபலோஸ்போரின் குடும்பத்தின் செஃபபிம் மருந்தோடு சேர்ந்து 2024இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஆனால் அதை மனிதப் பரிசோதனைகள் வழியாகக் கொண்டுபோனது ஓர் ஐரோப்பிய நிறுவனம்.

எனவே மத்திய, மாநில அரசுகள் செய்ய வேண்டியது தெளிவு. கிருமியை அடக்குவதாகக் கட்டுரையில் சொல்லப்படும் ஒவ்வொரு கடல் பூஞ்சையையும் சண்டிகரில் உள்ளது போன்ற நுண்ணுயிர் சேமிப்பகத்தில் ஒப்படைப்பதை நிதியுதவிக்கு நிபந்தனையாக்க வேண்டும். வேறொரு ஆய்வகம் மறுசோதனை செய்யவும், வேதியியலாளர்கள் மூலக்கூறைப் பிரித்தெடுக்கவும் தனி நிதி வேண்டும். அதுவும் 3 ஆண்டுத் திட்டமாக அல்ல, 10 ஆண்டுகளுக்குக் குறையாமல். மருந்து பலித்தால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி அந்தக் கடற்கரை மக்களுக்கும் பங்கு போய்ச் சேர, மாதிரி எடுக்கும்போதே ஒப்பந்தம் போட வேண்டும்.