முழுமையான மனிதர் யார்?

மனிதர் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டனர் என்கிறது ஆதியாகமம். அச்சாயல் மனிதரின் எந்தக் கூறில் உள்ளது என்பதை அது விளக்கவில்லை. புனித அகுஸ்தீனும் பின்னர் தோமஸ் அக்குவைனாசும் அதனைப் பகுத்தறிவிலே கண்டனர். படித்தவர்கள் வகுத்த வரைவிலக்கணம் படித்தவர்களுக்கே வாய்ப்பாக அமைந்ததில் வியப்பில்லை. சிந்திக்க இயலாதவருக்கும் ஆன்மா உண்டு என்று அக்குவைனாஸ் ஏற்றுக்கொண்டார்; எனினும் பேச்சும் எழுத்தும் கைகூடாத பிள்ளையை அந்த விளக்கம் வாசற்படியிலேயே நிறுத்திவிடுகிறது.

1964இல் ஜோன் வனியே அந்தப் படியைக் கடக்க முயன்றார். முன்னாள் கடற்படை அதிகாரியான அவர், அறிவு வளர்ச்சி குன்றிய இருவரை விடுதியொன்றிலிருந்து அழைத்துவந்து, பிரான்சிய கிராமமொன்றில் அவர்களோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார். பேழை எனப் பொருள்படும் 'லார்ஷ்' அமைப்பு இவ்வாறே பிறந்தது. பலவீனத்தை மறைக்காது ஒருவரிலொருவர் தங்கி வாழ்வதே மனிதராதல் என்பது அவரது போதனை. உலகமே அவரைப் புனிதராகப் பார்த்தது.

அவர் 2019இல் மறைந்தார். ஆன்மீக வழிகாட்டல் என்ற போர்வையில் அவர் பெண்களைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்தமை 2020இல் வெளியானது. பாதிக்கப்பட்டோர் குறைந்தது 25 பெண்கள் என்றது 2023இன் விரிவான அறிக்கை.

மனிதர் வீழ்ந்தாலும் போதனை நிலைக்கும் என்று சிலர் ஆறுதலடைகின்றனர். என்னால் அவ்வளவு இலகுவில் அமைதியடைய முடியவில்லை. அதிகாரம் படைத்தவர் பலவீனத்தின் மகிமையைப் பேசும்போது, கேட்பவரிடம் மறுத்துரைக்கும் வலிமை எஞ்சுகிறதா? வனியேயின் இறையியலில் இந்தக் கேள்விக்குப் போதிய இடமிருக்கவில்லை.

எனக்கு நம்பகமாகத் தோன்றுபவர் அமெரிக்கரான நான்சி ஈஸ்லண்ட். பிறவியிலேயே எலும்புக் குறைபாட்டுடன் வாழ்ந்தவர். உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்புகள் மறையவில்லை என்பதை முன்வைத்து, ஊனமுற்ற இறைவன் என்ற சிந்தனையை 1994இல் நூலாக்கினார். அவர் கேட்டது இரக்கத்தை அன்று. திருவிருந்தின்போது மற்றவர்கள் பீடத்தருகே செல்ல, சக்கர நாற்காலியிலிருப்பவருக்கு மட்டும் இருந்த இடத்திலேயே வழங்கும் வழக்கத்தையும் அவர் விசாரணைக்கு உட்படுத்தினார். எட்டாத படிக்கட்டு அவருக்கு இறையியற் பிரச்சினை.

லார்ஷ் இல்லங்கள் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகின்றன. வனியே பற்றிய விசாரணைகளைப் பணித்ததும் முடிவுகளை வெளியிட்டதும் அந்த அமைப்பேதான். தன் நிறுவுநரின் புகழைவிட அப்பெண்களின் வாக்குமூலத்துக்கு அது கூடுதல் மதிப்பளித்தது.