மே மாதக் காவிரியில் தண்ணீர் ஏது?



திருச்சியின் கோடைச் சுற்றுலா இடங்கள் பற்றிய உங்கள் கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால் முக்கொம்பையும் கல்லணையையும் நீராடுமிடங்களாகச் சொன்னது பொருந்தவில்லை. பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளே ஜூன் 12. அக்னி நட்சத்திரத்தில் இங்கே பெரும்பாலும் மணல்தான். மாற்றுத்துணியோடு வந்த சென்னைப் பேரப்பிள்ளைகளை முக்கொம்பு மரநிழலில் விளையாடவிட்டுச் சமாதானப்படுத்தினேன். மறுநாள் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காதான் என் மானத்தைக் காப்பாற்றியது!

மலைக்கோட்டைக்கு 400க்கும் மேற்பட்ட படிகள். உச்சியில் நண்பகல் பாறைச்சூடு வெறுங்காலுக்குத் தாங்காது. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது.

இனி ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்ற நேரம், ஆற்றில் நீர் நிலவரம், சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து எந்தப் பேருந்து என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்